அண்ணாந்து குடித்த ஸ்மூத்தி

நேற்று மதுரையிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த ஸ்ட்ராபெர்ரி. இன்று காலை இரண்டு ஆப்பிள், பால் சேர்த்து மிக்ஸியில் அடித்தேன். கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டி.

பந்தல்குடியில் ஒரு கல்யாணத்துக்கு வெள்ளைச் சட்டையில் கிளம்பி நின்ற மாமனாரிடம் ஒரு டம்ளர் நீட்டினேன்.

எங்கள் வீட்டில் யாரும் டம்ளரில் வாய் வைக்க மாட்டார்கள். அவரும் அண்ணாந்தார். ஒன்றும் விழவில்லை.

"என்னத்தா, கெட்டித் தயிரு மாதிரி அசைய மாட்டேங்குது?" என்று டம்ளரின் அடியில் தட்டினார்.

மொத்தமும் விழுந்தது. மீசை, சட்டை எல்லாம் ரோஸ்.

பதறிப்போய்த் துண்டை நீட்டினேன். அவர் மீசையை நக்கிப் பார்த்தார்.

"ருசியாத்தான் இருக்கு. சட்டைய மாத்திட்டு வாரேன், மிச்சத்த யாருக்கும் குடுத்துராத."

திரும்பி வந்தபோது கையில் கரண்டி இருந்தது. டம்ளரில் வாய் வைக்க மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை.

உங்கள் வீட்டில் எப்படி?