பாஸான வண்டியைத் திருப்பிக் கொண்டுபோனவர்

தேறாமல் போய்விடுவோமோ என்று பயப்படுவது உலக வழக்கம். தேறிவிட்டோமே என்று பயந்து சோறு இறங்காமல் இளைத்த ஒரு மனிதரை எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் அவரைக் கம்பிக்காரர் என்பார்கள். உள்ளே இருந்து கம்பி எண்ணியவர் என்று நினைத்துவிட வேண்டாம். சன்னல் திரை மாட்டுகிறவர். மனைவி தைப்பார், இவர் சுவரில் துளை போட்டு, கம்பி பொருத்தி, திரையைத் தொங்கவிடுவார்.

பயம் அவருக்குக் கூடப் பிறந்தது. ஏறுமுன் ஏணியை ஆட்டிப் பார்ப்பார்; ஏறியபின் ஏணி தம்மை ஆட்டுகிறதா என்று பார்ப்பார். வாசல் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவார். இழுத்தோமா, இழுத்ததாக நினைத்தோமா என்ற சந்தேகத்தில் திரும்பி வருவார்.

இப்படிப்பட்டவர் ‘எஸ்டேட்’ வகைப் பழைய கார் ஒன்றை வாங்கியதும் பயத்தினால்தான். திரைக்கம்பி நீளம், சாதாரணக் காரில் அடங்காது. கூரையில் கட்டினால் நழுவி எவன் மண்டையையாவது பிளக்கும். ஆகவே, பின்னிருக்கைக்குப் பின்னால் ஓர் அறையைச் சேர்த்துக் கட்டியது போல் நீண்டு கிடந்த அந்த வண்டி அவருக்குப் பாதுகாப்பாகத் தெரிந்தது. ‘குடும்பம் ஓட்டின வண்டி’ என்று சொல்லித்தான் விற்றார்கள். பொய்யில்லை. இருக்கை இடுக்கில் பாதி கடித்த பிஸ்கட்டுகள் கிடந்தன.

வருடா வருடம் அதைச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய், சாலையில் ஓடத் தகுதி உண்டு என்று சான்று வாங்க வேண்டும். சான்று இல்லையென்றால் வண்டி இல்லை, வண்டி இல்லையென்றால் பிழைப்பு இல்லை. எனவே அந்த வாரம் வீடே பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்பும் வீடாகிவிடும். கம்பிகள் இறங்கும். துணி மூட்டைகள் இறங்கும். மகளுக்காகப் பொருத்திய சிறு இருக்கையும் இறங்கும். சுமை போனதும் வண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளும். கடைசியாக மெக்கானிக் வந்து படுத்து, வண்டியின் அடிவயிறு முழுக்கக் கறுப்பு பெயிண்ட் அடிப்பார்.

“எதுக்குங்க அது?” என்று ஒருமுறை கம்பிக்காரர் கேட்டார்.

“ஆய்வாளருக்குக் கண்ணு குளிரும். தெருவுல எல்லா வண்டிக்கும் நான்தான் அடிக்கிறேன். எது ஃபெயிலாச்சு, சொல்லுங்க பாப்போம்.”

எதுவும் ஃபெயிலாகவில்லைதான். இந்த வருடமும் வண்டி கறுப்பு பளபளக்கப் போனது. ஆய்வாளர் குனிந்தார், நிமிர்ந்தார், கையெழுத்துப் போட்டார். கம்பிக்காரர் சான்றை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தார். கம்பி ஏறியது, மூட்டை ஏறியது, மகள் ஏறினாள், மனைவி ஏறினார், எல்லாருக்கும் மேலாக மச்சினன் ஏறினான். மனைவியின் தம்பி; வேலையில் இவருக்குத் துணை. அவன் உட்கார்ந்தால் வண்டியின் பின்பக்கம் கும்பிடு போடும்.

முதல் திருப்பத்திலேயே பின்னாலிருந்து ‘ஸ்ஸ்ர்ர்’ என்று ஒரு சத்தம். யாரோ இருட்டில் துணி கிழிக்கிற மாதிரி.

“கேட்டுச்சா?” என்றார்.

“உங்க காதுக்கு எதுதான் கேக்கல?” என்றார் மனைவி. “போன வாரம் தண்ணிக் குழா மூச்சு விடுதுன்னீங்க.”

காலியாக ஓட்டினால் சத்தம் இல்லை. ஆட்களோடு ஓட்டினால் உண்டு. மெக்கானிக்கிடம் போனார். அவர் தனியாக ஏறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “சர்க்கார் கையெழுத்துப் போட்டாச்சு, உங்களுக்கு என்ன?” என்றார். அந்தக் கையெழுத்துதான் கம்பிக்காரரை வதைத்தது. ஃபெயிலாகியிருந்தால் ஓட்டியிருக்க மாட்டார். பாஸானதால் ஓட்டியே ஆக வேண்டும். பகலில் பிரேக்கை மிதித்த கால், தூக்கத்திலும் போர்வையை மிதித்தது. சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்தார்.

அப்போது மனைவியின் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. நாங்கள் இருப்பது மலைமேல்; அவள் வீடு அடிவாரத்தில். போகும் வழி முழுக்க இறக்கம், வளைவு, ஒரு பக்கம் பள்ளம். எல்லாரும் கிளம்பினார்கள். மகள் பின்னிருக்கையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். இறக்கம் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால்தான் சோதனை நிலையம். கம்பிக்காரரின் கை யாரையும் கேட்காமல் உள்ளே திருப்பியது.

“எங்க போறீங்க?” என்றார் மனைவி.

“ஒரு நிமிஷம்.”

ஆய்வாளர் தேநீர்க் குவளையோடு வந்தார். “என்ன, சான்றத் தொலைச்சிட்டீங்களா?”

“இல்ல சார். பத்திரமா இருக்கு. அதான் பயமா இருக்கு.”

“புரியல.”

“ஆளுங்களோட ஒரு தடவ பாருங்க சார். காலியா இருந்தா நல்லாத்தான் இருக்கு.”

“காலி வண்டியத்தான் பாக்கணும். விதி அப்படி.”

“காலியா நான் எங்க சார் ஓட்டுறேன்?”

மச்சினன் சன்னலில் தலையை நீட்டினான். “சார், மனசுல வச்சுக்காதீங்க. இவரு முதமுதல்ல எங்க வீட்டுக்கு வந்தப்பவே நாற்காலிய ஆட்டிப் பாத்துட்டுத்தான் உக்காந்தாரு.”

“அது உடைஞ்சுதானடா போச்சு,” என்றார் கம்பிக்காரர்.

“நான் உக்காந்தப்ப உடைஞ்சுது மாமா. அது வேற கணக்கு.”

ஆய்வாளர் சிரித்துவிட்டார். சிரித்த வாய்க்கு மறுப்புச் சொல்ல வரவில்லை. “சரி, அந்தச் சோதனைக் குழி மேல நிறுத்துங்க. யாரும் இறங்க வேணாம். ரெண்டு நிமிஷத்துல உங்க பயத்த எடுத்துக் கையில குடுத்துடறேன்.” குவளையை வைத்துவிட்டுப் படியிறங்கி வண்டிக்கு அடியில் போனார்.

மேலே எல்லாரும் காத்திருந்தார்கள். கீழே விளக்கு அசைந்தது, பிறகு அசையவில்லை. சத்தமே இல்லை. துணியால் எதையோ அழுத்தித் துடைக்கும் ஓசை மட்டும் வந்தது.

“பின்சக்கரத்துப் பக்கம் யாரு உக்காந்திருக்கா?” குரல் மாறியிருந்தது.

“நான்தான் சார்.”

“ஆடாதீங்க.”

மச்சினன் மூச்சையும் நிறுத்திக்கொண்டான். மகளின் பாட்டு நின்றது. அவள் தோளில் மனைவியின் கை விழுந்ததைக் கம்பிக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

ஆய்வாளர் மேலே வந்தார். கையிலிருந்த துணி கறுப்பாயிருந்தது, நனைந்தும் இருந்தது. “எல்லாரும் இறங்குங்க. மெதுவா. குழந்த முதல்ல.”

இறங்கினார்கள். நிற்கிற வண்டியிலிருந்து அவ்வளவு ஜாக்கிரதையாக யாரும் இறங்கி நான் கேள்விப்பட்டதில்லை.

“பிரேக் எண்ணெய் போற ரப்பர்க் குழா,” என்றார் ஆய்வாளர். “பாரம் ஏறி வண்டி தணிஞ்சா டயர்ல உரசுது. உள்ள இருக்கிற நூல் வெளிய தெரியுது, கசியவும் ஆரம்பிச்சிருக்கு. அன்னைக்கு எனக்குத் தெரியல. கறுப்பு மூடியிருந்துச்சு.” சற்று நிறுத்தி, “யாரு அடிச்சது?” என்றார்.

நல்லபடியாகத் தேற வேண்டுமே என்று வீடே கூடி நின்று அடிக்க வைத்தது அது. ஆய்வாளரை ஏமாற்றிய கெட்டிக்காரத்தனம் இவர்களை மட்டும் விட்டு வைக்குமா?

“இறக்கத்துல ரெண்டு வளைவு தாண்டியிருப்பீங்களான்னு தெரியல,” என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் கையை நீட்டினார். “அந்தச் சான்றக் குடுங்க.” அதில் இருப்பது அவருடைய கையெழுத்து. இதுவரை அங்கே பயந்தவர் ஒருவர்தான். இப்போது துணை கிடைத்தது.

கம்பிக்காரர் கொடுத்தார். வாங்கியதை ஆய்வாளர் கிழிக்கவில்லை, மடிக்கவில்லை, சும்மா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு நிமிர்ந்து, வாசலில் வரிசையாக நின்ற மற்ற வண்டிகளைப் பார்த்தார். எல்லாம் சுமை இறக்கி, நெஞ்சை நிமிர்த்தி, அடிவயிறு மினுமினுக்க நின்றன.

“இதையெல்லாம் என்ன பண்றது?” என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

வண்டி அங்கேயே நின்றுவிட்டது. பேருந்து நிறுத்தம் வரை சாலையோரமாக நடந்தார்கள். தெருக்காரர்களின் கார்கள் குடும்பம் குடும்பமாக ஏற்றிக்கொண்டு, பின்பக்கம் தணிந்து, ஒன்றன்பின் ஒன்றாக இறக்கத்தை நோக்கிப் போயின. ஒருவர் கையசைத்தார். மனைவி பதிலுக்குக் கையசைக்கவில்லை. மகளைப் பிடித்து உள்பக்கமாக இழுத்துவிட்டு, “என்னங்க, இன்னும் கொஞ்சம் ஓரமா வாங்க,” என்றார்.