தைத்து மூடிய ஏழு புத்தகம்

பழைய ஏற்பாட்டில் மலாக்கி முடிந்ததும் தையல்காரி கட்டைவிரலை நாக்கில் தொட்டு, நடுவில் தைத்து மூடிய கத்தையை ஒரே தள்ளாகத் தள்ளி, நேராகப் புதிய ஏற்பாட்டு மத்தேயுவில் போய் இறங்குவாள். அந்தக் கத்தைக்குள் தோபித்து, யூதித்து, சீராக் என்று ஏழு புத்தகங்கள் மூச்சுமுட்டிக் கிடக்கின்றன. புருஷன் கத்தோலிக்கர், அவருக்கு அவை வேதம். இவள் புராட்டஸ்டண்ட், இவளுக்கு அவை வேதத்தில் சேராத தள்ளுபடி ஆகமம். என்றோ யாரோ யூதர்கள் எழுதிவைத்ததற்காக, ஒரு யூதரைக்கூட நேரில் பார்த்திராத இரண்டு பேர் கல்யாணமான நாளிலிருந்து மல்லுக்கு நிற்கிறார்கள்.

அவளுக்கென்று தனி வேதாகமம் இல்லாமல் இல்லை. ஆனால் பொடி எழுத்து, கண்ணுக்குப் பிடிபடவில்லை. புருஷனுடையது பெரிய எழுத்து. ஒருநாள் மனம் இறங்கி அதை எடுத்துக்கொண்டாள், சும்மா எடுத்தாளா என்றால் அதுதான் இல்லை. கோணி ஊசியும் கெட்டி நூலுமாக உட்கார்ந்து ஏழையும் ஓரத்தோடு தைத்துவிட்டுத்தான் வாசிக்கவே ஆரம்பித்தாள். கிழித்தே போட்டிருக்கலாமே என்று கேட்டால், "வேண்டாத துணியைக்கூட நான் வெட்டி எறியமாட்டேன், உள்ள மடிச்சுத் தைச்சிருவேன்" என்பாள். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்றுபோன லிஃப்டுக்குள் கத்துகிறவர்களை வெளியே நின்று சமாதானப்படுத்தியே பழகியவர். அன்றைக்கும் பொறுத்துக்கொண்டார்.

முன்னறைதான் கடை. ஜன்னலோரம் மெஷின், சுவரெல்லாம் கொக்கியில் தொங்கும் பாதிச் சட்டைகள். உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே வாடிக்கையாளரோடு பேசுவாள். வேத விஷயம் வந்தால் மட்டும் ஊசிகளை எடுத்து வைத்துவிட்டுப் பேசுவாள். அப்படி அவள் எடுத்து வைத்தால், அளவு கொடுக்க வந்தவர்கள் அவசர வேலை இருப்பதாகச் சொல்லி நழுவிவிடுவார்கள்.

இப்படிப்பட்டவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை வந்தது. சொல்வாளா? ஒரு வங்கி ஊழியரின் கால்சட்டை ஒரு கால் நீளமாகவும் மறுகால் கட்டையாகவும் போனபோது, "கால்சட்டை சரியாத்தான் இருக்கு, அவர் நடைதான் கோணல்" என்று சாதித்தாள். ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வையே போய்விடும் என்று டாக்டர் சொன்னார். கண் போனால் தையல் போச்சு, தையல் போனால் அவளே இல்லை. அவளுக்கு அது தெரியாதா என்ன? ஆனாலும் மாட்டேன் என்றாள், வேதத்திலிருந்தே சாட்சியும் காட்டினாள். ஆசா ராஜா கர்த்தரை விட்டு வைத்தியரைத் தேடினான், செத்தான். உதிரம் நிற்காத பெரும்பாடுள்ள ஸ்திரீ வைத்தியர்களிடம் சொத்தையெல்லாம் தொலைத்தாள், நோய் ஏறியதுதான் மிச்சம். "டாக்டரைப் பத்தி வேதத்துல நல்ல வார்த்தை ஒண்ணு காட்டுங்க, நாளைக்கே வர்றேன்" என்று முடித்துக்கொண்டாள்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். அப்படியொரு வார்த்தை இருக்கிறது. எங்கே இருக்கிறது? சீராக்கில். சீராக் எங்கே? தைத்த கத்தைக்குள்.

பெரிய எழுத்தும் மங்கிவிட்டதால் அந்நாட்களில் வேலைக்குப் போகுமுன் அவர்தான் அவளுக்கு வாசித்துக் காட்டுவார். அதிலும் லேசில் விட்டாளா? ஒருமுறை நாகூம் புத்தகத்தை வாசித்தபோது, "இது உங்க ஆளுங்க எழுதினது, நிறுத்துங்க" என்றாள். அவளுடைய வேதாகமத்திலேயே இருக்கிறது என்று எடுத்துக் காட்டியும், இருக்கலாம், ஆனால் நீங்கள் வாசித்த ராகம் உங்கள் கோயில் ராகம் என்று அடித்துப் பேசிவிட்டாள்.

அவள் நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போன நேரத்தில் அவளுடைய தையல் பிரிக்கும் கத்தியையே எடுத்துக் கத்தையைப் பிரித்தார். வேண்டிய பக்கத்தைப் பார்த்து நெட்டுருப் போட்டார். நல்ல மனுஷன், திருட்டுப் பழக்கமில்லாதவர், தெரிந்த வரையில் மறுபடி தைத்தும் வைத்தார். மறுநாள் காலை சாலமோன் ராஜா எழுதிய நீதிமொழிகள் வாசிக்கும்போது நடுவே அதைச் சொருகினார். வைத்தியனைக் கனம்பண்ண வேண்டும், அவனையும் ஆண்டவர்தான் படைத்தார், மண்ணிலிருந்து மருந்தை உண்டாக்கியவரும் அவரே, புத்தியுள்ளவன் அதைத் தள்ளமாட்டான் என்று போகும் அது.

பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"திரும்ப வாசிங்க."

வாசித்தார்.

"சாலமோன் சாலமோன்தாங்க. நீதிமொழிகள்ல இது எனக்கு எப்படித் தப்பிச்சுது?"

மெக்கானிக் இருமினார். அதை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டால் அதற்கு அவர் என்ன செய்வார்?

ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்தது. நர்ஸிடமும் டாக்டரிடமும், உங்களைப் பற்றிச் சாலமோன் ராஜா அன்றைக்கே எழுதியிருக்கிறார் என்று பெருமையாகச் சொல்லிவிட்டுத்தான் படுத்தாளாம். கட்டவிழ்த்ததும் வீட்டைச் சுற்றிப் பார்த்து, "இந்தச் செவுரு இவ்வளவு அழுக்கா?" என்றாள். அடுத்து அவரைப் பார்த்து, "நீங்க எப்போ இப்படி நரைச்சீங்க?" என்றாள். மூன்றாவதாக வேதத்தைக் கையில் எடுத்தாள்.

மறு கண் பாக்கி இருந்தது. விஷயம் வெளிப்பட்டால் அது அவ்வளவுதான். பழுதே இல்லாத மிக்ஸியைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்தார். அவள் நீதிமொழிகளை முதலிலிருந்து கடைசி வரை விரல் வைத்துத் தேடினாள். இல்லை. இன்னும் புரட்டினாள். கத்தையில் வந்து விரல் நின்றது.

"இது என் தையல் இல்லையே."

தையல் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று ஊருக்கு வெளியே. புதுக் கண்ணுக்கு அதெல்லாம் தெரியாமல் போகுமா? தான் பிரித்ததையும் சொருகியதையும் அவர் சொல்லிவிட்டார். நீ குருடாகிவிடுவாயோ என்று பயமாக இருந்தது என்பதையும் சொன்னார். அவள் எழுந்துபோய் மெஷினில் உட்கார்ந்தாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் மெஷின் மட்டும்தான் பேசியது. மறு கண்ணுக்கு வருவாளா மாட்டாளா என்று கேட்க அவருக்குத் தைரியமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தன் சபையில் எல்லார் முன்னும் சாட்சி சொல்ல எழுந்தாள். வீட்டில் இருப்புக்கொள்ளாமல் பின்னாலேயே வந்த மெக்கானிக், செருப்பு விடும் இடத்தில் நின்றார்.

"கண்ணுல கத்தி வைக்கக் கூடாதுன்னு விசுவாசத்துல சொன்னேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். பொய். எனக்குப் பயம்" என்று ஆரம்பித்தாள். பிறகு வைத்தியனைப் பற்றிய அந்த வார்த்தையைக் கணீரென்று சொன்னாள். பாஸ்டர் மகிழ்ந்துபோய், எந்த அதிகாரம் சகோதரி என்று கேட்டபடி புரட்ட ஆரம்பித்தார். சபையே சரசரவென்று புரட்டியது.

"தேடாதீங்க பாஸ்டர், உங்ககிட்ட இருக்காது. அது எங்க வீட்டு வேதத்துல இருக்கு. அடுத்த மாசம் இன்னொரு கண்ணுக்கும் அதை நம்பித்தான் போறேன்."

பக்கங்கள் அப்படியே நின்றன. ஆமென் சொன்னால் கத்தோலிக்கம், சொல்லாவிட்டால் மரியாதையில்லை. எல்லோரும் பாஸ்டரைப் பார்க்க, பாஸ்டர் மின்விசிறியைப் பார்த்தார். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். பிறகு தானே உரக்க ஒரு ஆமென் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.