கசத்தில் கரைத்த காய்

கண்டியில் காலையில் மீன்காரி தெருவில் "மாளு, மாளு" என்று கூவிக்கொண்டு போவாள். சிங்களத்தில் மாளு என்றால் மீன். நம் காதில் அது செத்துப்போ என்று விழும். வந்து ஏழு வருஷமாகியும் அந்தக் குரல் கேட்டால் சன்னலைச் சாத்திவிடுகிறேன். படிக்கும் நீங்கள் சிரிக்கலாம். என் அனுமந்தன்பட்டிக்காரர்கள் சிரிக்கமாட்டார்கள்.

மலையடிவாரத்து அந்த ஊரில், செடி சேகரிக்கும் ஒரு துரையிடம் வேலை பார்த்தேன். மலையேறிச் செடி பறிப்பேன். எந்த நிழலில், எதனோடு வளர்ந்தது என்று எழுதிவைப்பேன். தலைக்கனமும் அதற்கேற்ப இருந்தது. மழை தவறிய ஒரு கோடையில், காரைக்காய் எதற்கு ஆகும் என்று துரை கேட்டார். அரைத்துத் தண்ணீரில் விட்டால் மீன் மயங்கும், பிறகு தெளிந்துவிடும் என்றேன். செய்துகாட்டச் சொன்னார். ஆறு வற்றி, கசம் என்று நாங்கள் சொல்லும் ஆழமான மடு ஒன்றுதான் ஊருக்கு மிச்சம். குடிதண்ணீரும் அதுவே. யாரையும் கேட்காமல் அதில் கரைத்தேன். ஓடுகிற தண்ணீரில்தான் மீன் தெளியும். கட்டிக்கிடக்கும் தண்ணீரில் தெளியாது. செடியை அத்தனை அறிந்தவனுக்கு அது தெரியவில்லை. மறுநாள் கசம் முழுக்க மீன் செத்து மிதந்தது. அந்த வாரமே அண்ணன் மகள், நாலு வயசு ரோசம்மா, பேதியில் போய்விட்டாள். காயினாலா, அழுகிய மீனினாலா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அண்ணன் அடிக்கவில்லை. "ஏலே, செடியப் படிச்ச. தண்ணியப் படிச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

அதோடு ஊரைவிட்டு இங்கே கண்டிக்குப் பூந்தோட்ட வேலைக்கு வந்தவன், மீனை ஆராயும் வேறொரு துரையிடம் கெஞ்சி மாறிக்கொண்டேன். எந்த மீன் எங்கே முட்டையிடும், ஆறு வறண்டால் எங்கே ஒதுங்கும் என்று பார்த்து எழுதுகிறேன். முதல் நாள் படகுக்காரரிடம் மாளு என்பதற்குப் பதில் மல் வேண்டும் என்று கேட்டுவிட்டேன். மல் என்றால் பூ. மனிதர் ஓர் ஆம்பலைப் பறித்து நீட்டினார். மறுக்க வார்த்தை தெரியாமல் வாங்கிக்கொண்டேன்.

போன மாதம், ஊருக்கு வரலாமா என்று கேட்டு எழுதினேன். அண்ணன் சொல்லச் சொல்ல எங்கள் மாதா கோயில் உபதேசியார் எழுதிய பதில் வந்தது.

"மலையக் குடஞ்சு, மேக்க மலையாளத்துப் பக்கம் ஓடுன ஆத்துத் தண்ணி இங்கிட்டு வந்துருச்சு. கசம் நெறஞ்சு கெடக்கு. கறுப்புக் கோடு போட்ட மீனு ஒண்ணு புதுசாத் திரியுது. இங்கன பேரு தெரியலைங்காக. தெரிஞ்சா எழுது. நீ வரவேணாம். ஒன் மதினி இன்னும் பிள்ளையத் தேடுறா."

செடிக்காக மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிய நாளில் அந்த மீனைப் பார்த்திருக்கிறேன். மலையாளத்தில் அதற்குப் பெயர் உண்டு, நம்மிடம் இல்லை. தண்ணீரோடு வந்த அதற்கு என் ஊர்க் கசத்தில் இடம் கிடைத்துவிட்டது, பொறாமையாகத்தான் இருந்தது. பெயரை எழுதினேன். அனுப்புகிறவன் ஊரைக் குறிக்கும் இடத்தில் கை தானாக அனுமந்தன்பட்டி என்று எழுதிவிட்டது. அதை அடித்துவிட்டு, பக்கத்தில் கண்டி என்று எழுதினேன்.