பள்ளத்தில் நட்ட வேப்பங்கிளை

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆன சமயத்தில்தானா எங்கள் வாசல் நடைபாதைக் கல் உடைய வேண்டும்? மயிலாப்பூரில் நடைபாதை என்றால் நடப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் என்று அர்த்தம். ஸ்கூட்டர் நிற்கும், இளநீர் குவிந்திருக்கும், கேபிள் டி.வி.க்காரர்கள் தோண்டிய மண் மேடாகவே கிடக்கும். அதையெல்லாம் சுற்றிக்கொண்டு போய்விடலாம். உடைந்த கல்லோ எங்கள் கேட்டுக்கு நேர் எதிரே, மழைநீர்க் கால்வாயின் மேல். கல் போன இடத்தில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம்.

தினமும் சாயங்காலம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆயுசு முழுக்கக் கணக்கு வாத்தியாராக இருந்து ஊரையே அதட்டியவரை, நான் கையைப் பிடித்துப் பள்ளம் தாண்டவைத்தேன். "கையை விடு, நான் என்ன கொழந்தையா?" என்பார். விட்டால் விழுவார். ஆபரேஷனுக்குப் பிறகு போட்ட பெரிய கறுப்புக் கண்ணாடியில் பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல், இரண்டடி முன்னாலேயே காலைத் தூக்கிவிடுவார். நான்காம் நாள், "தனியா போக முடிஞ்சா போறேன், இல்லேன்னா ஆத்துலயே கெடக்கறேன்" என்று ஈஸிசேரில் சாய்ந்துவிட்டார். அவர் அப்படிக் கிடந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

வார்டு ஆபீஸுக்கு மூன்று மனு எழுதினேன். மூன்றாவது மனுவைப் படித்தபோது எனக்கே என்னைக் கண்டு பயமாக இருந்தது. பதில் மட்டும் வரவில்லை. எதிர்வாடையில் வண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரர்தான் வழி சொன்னார். "இன்னாக்கா, மனு எய்திக்கினே கீறியே? ஒரு கிளைய ஒட்ச்சி பள்ளத்துல நட்டு வுடு. பாக்கறவன் ஒதுங்கிப் பூடுவான்."

நல்ல யோசனையாகப் பட்டது. அப்பாவுக்கும் பள்ளம் எங்கே என்று தெரியும். எங்கள் கொல்லையில் இருந்த ஒரே மரம் வேம்பு. ஒரு கிளையை ஒடித்து நட்டேன். கறுப்புக் கண்ணாடிக்கும் பளிச்சென்று தெரியட்டும் என்று, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை ஒன்றைக் கிழித்து மஞ்சள் துணியும் கட்டினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் வேலைக்கார அம்மா தெருமுனையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்படியே திரும்பிப் போனார். பால்காரர் பாக்கெட்டைக் கேட்டுக்கு வெளியிலிருந்தே உள்ளே வீசினார். எதிர்வீட்டு மாமி மாடியிலிருந்து, "ஏண்டி, ஆத்துல யாருக்கு அம்மை வாத்திருக்கு?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. வாசலில் வேப்பிலை, அதில் மஞ்சள் துணி. அம்மை போட்ட வீட்டுக்கு வேறென்ன அடையாளம் வேண்டும்? அதற்குள் யாரோ கிளைக்கு முன்னால், பள்ளத்தின் விளிம்பில் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழமும் நறுக்கி வைத்திருந்தார்கள்.

அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கறுப்புக் கண்ணாடியோடு கேட்டுக்கு வந்து, "எனக்கு எட்டு வயசுலயே வந்தாச்சு! இப்போ ஒண்ணும் இல்லை!" என்று கத்தினார்.

"ஐயையோ, கண்ணுல எறங்கிடுத்தே!" என்று மாமி உள்ளே ஓடினார்.

மூன்று மனுவுக்கு அசையாத ஆபீஸிலிருந்து, மூன்றாம் நாளே ஆள் வந்துவிட்டார். ரோடு போடுகிறவர் இல்லை, சுகாதார இன்ஸ்பெக்டர். ஒரு கையில் பிளீச்சிங் பவுடர், கக்கத்தில் ரிஜிஸ்டர். குங்குமத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். கையில் இருந்ததையெல்லாம் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டார். மூடிய கண்ணைத் திறக்காமலே பயபக்தியுடன் ஓரடி முன்னால் வைத்தார்.

"அம்மை இல்லை சார், பள்ளம்!" என்று அப்பா கத்தியதற்கும் அவர் உள்ளே இறங்கியதற்கும் சரியாக இருந்தது.

நானும் இஸ்திரிக்காரருமாகத் தூக்கிவிட்டோம். அடி ஒன்றும் இல்லை. முழங்கால் வரை சேறு. "இன்னாம்மா இது, மன்சன் நடக்கற எடமா இது!" என்று இன்ஸ்பெக்டர் என்னிடமே சண்டைக்கு வந்தார். சிரிப்பை அடக்க நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். மனுவில் நான் எழுதியதும் அதே கேள்விதான்.

மறுநாள் காலை கல் வந்தது. மத்தியானத்துக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் அப்பா சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மாடியில் மாமி, வண்டியடியில் இஸ்திரிக்காரர், இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதுக் கல்லருகே போய் நின்று, செருப்பால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு அதன்மேல் காலே படாமல் ஒரே எட்டில் தாண்டி, கோயில் குளத்தை நோக்கி நடந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தினமும் அவரைப் பிடித்த கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. மனசு கேட்காமல், நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களின் மறைவில் பத்தடி பின்னாலேயே போனேன்.

இளநீர்க் குவியலருகே அவர் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"வரதுன்னா பக்கத்துல வா," என்றார். "கையை மட்டும் பிடிக்காதே."