உருகினால் முக்கால் டம்ளர்

முதலில் காட்டிக்கொடுத்தது செருப்புதான். மில்லுக்குப் போட்டுப்போகும் செருப்பு ஒருநாள் என் வீட்டுக்காரர் காலில் நுழையவில்லை. அவ்வளவு வீக்கம். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போய் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் (ரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் செய்வது).

எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்று அச்சடித்த தாளைக் கொடுத்த நர்ஸ், வாசிக்கத் தெரியுமா என்று கேட்டாள். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். தெரியும் என்றேன். யாரிடமும் கேட்டுச் சமைத்தவள் இல்லை நான். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர் என்று டாக்டர் வாயால் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு, காலையில் பாட்டிலில் அளந்து வைத்துவிடுவேன்.

பங்குனி வெயிலில் அவருக்கு நாக்கு வறண்டது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் எஸ்தர், அங்கே சீனர்கள் சிவப்புப் பயறை இனிப்பாக வேகவைத்து ஐஸ்கிரீமில் போடுவார்கள், உடம்புக்குச் சத்து என்று போனில் சொன்னாள்.

"பயறுல ஐஸா? ரசத்துலயும் போடுவாவளான்னு கேளு, ஏட்டி" என்று இவர் சிரித்தார். நோய் வந்த பிறகு அப்படிச் சிரித்ததில்லை.

நாமும் தட்டப்பயறில் வெல்லமும் தேங்காயும் போட்டுத் தின்கிறவர்கள்தானே. சிவப்புத் தட்டப்பயறை வேகவைத்து மசித்து, சுண்டக் காய்ச்சிய பாலும் கருப்பட்டியும் சேர்த்து உறைய வைத்தேன். ஞாயிறும் திங்களும் மெஷின் கிடையாது. அந்த இரண்டு நாளில் ஆறு கிண்ணம் கொடுத்தேன். பாட்டில் தண்ணீரைக் குறைக்கவில்லை. கரண்டியால் தின்பது தண்ணீர் ஆகுமா என்று நினைத்தேன்.

செவ்வாய் விடியும்போது அவரால் படுக்க முடியவில்லை. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. ஆட்டோ ராஜபாளையம் சேர்வதற்குள் உதடு நீலம் பாய்ந்துவிட்டது.

மெஷின் போட்ட பிறகு டாக்டர் விசாரித்தார். சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"ஒரு கிண்ணத்தை டம்ளர்ல உருகவிட்டுப் பாருங்கம்மா. அதுவும் தண்ணிக் கணக்குதான். பயறுலயும் பால்லயும் பொட்டாசியம் (ரத்தத்தில் தேங்கினால் இதயத்தையே நிறுத்திவிடும் உப்பு) வேற இருக்கு. தாள்ல போட்டிருக்கோமே."

"தாளை எனக்கு முழுசா வாசிக்கத் தெரியாது சார்" என்று அன்றைக்குத்தான் சொன்னேன்.

"நாந்தான் சார் இன்னொரு கிண்ணம், இன்னொரு கிண்ணம்னு கேட்டேன்" என்றார் இவர், மாஸ்க்கை விலக்கி.

வீட்டில் மீதமிருந்த கிண்ணத்தை உருகவிட்டுப் பார்த்தேன். முக்கால் டம்ளர்.

ஆடியில் அவர் போய்விட்டார். இதயம் முன்பே பலவீனம், அந்த ஐஸால் இல்லை என்றார் டாக்டர். தலையாட்டினேன்.

உங்கள் வீட்டிலும் இந்த நோய் இருந்தால், பயறு கொடுக்கலாமா வேண்டாமா, எம்புட்டு என்று டாக்டரிடம் கேளுங்கள். தாளை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் கௌரவம் குறைந்துவிடாது.

எனக்கு எந்த நோயும் இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். ஆனாலும் விடிந்ததும் கை பாட்டிலை எடுத்து அளக்கிறது. அரை லிட்டருக்கு மேல் தொண்டையில் இறங்குவதில்லை.