தண்ணீருக்குள் கோட்டை வாசல்

பவானிசாகர் அணையின் நடுவே, பரிசலில் உட்கார்ந்திருக்கிறேன். நீச்சல் தெரியாது என்பதைக் கரையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

எங்களுக்கு அடியில் டணாய்க்கன்கோட்டை கிடக்கிறது. மைசூரிலிருந்து மலை இறங்கி வரும் பாதையைக் காக்கப் படை தங்கியிருந்த ஊர். அணை கட்டியபோது மூழ்கிவிட்டது. எனக்குத் தெரிவது பழுப்புத் தண்ணீர் மட்டும்தான். பரிசல் தள்ளும் மீனவர் ராசுவுக்கோ ஊரின் அமைப்பே மனப்பாடம். வலை வரிசையாகச் சிக்கிக் கிழிந்த இடம் மதில். வளைந்து சிக்கினால் கொத்தளம். சிக்காமல் வருகிற ஒரே இடம் வாசல்.

கோட்டைக்கு உள்ளே போட்டிருந்த வலையை எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். மேற்கே வானம் கறுத்து, காற்று கிளம்பிவிட்டது. அலை மடியில் தெறிக்கிறது. கரை நேர் எதிரே இருக்க, ராசு வேறு பக்கம் திருப்புகிறார்.

“அண்ணா, நேராவே போயிரலாமே?”

“நேராப் போகமுடியாதுங்க. ஒரு சாண் தண்ணிக்கு அடியில செவுரு நிக்குது. மோதுனா அடி ஒடைஞ்சுபோகும். வாசல் வழியாத்தான் போகோணும்.”

மூங்கில் கழியைத் தண்ணீருக்குள் குத்துகிறார். கல். சற்றுத் தள்ளிக் குத்துகிறார். அங்கேயும் கல். அலை எங்களை அதன் மேலேயே தள்ளுகிறது. பரிசலின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்கிறேன். மூன்றாவது முறை கழி அவர் மணிக்கட்டு வரை இறங்குகிறது.

“வாசலுங்க.”

பரிசல் அதற்குள் நுழைகிறது. மேலே வெறும் வானம்தான். ஆனாலும் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.