நிச்சயமான பிறகும் மாப்பிள்ளை தேடிய செயலி

மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுக்கு எதிரே வனஜா அக்காவின் மாவுக் கடை. மாவு வாங்கப் போனால் மகள் மதிவதனியின் ஜாதகமும் சேர்ந்து கைக்கு வந்துவிடும். பிறந்த நேரம், படிப்பு, சம்பளம், விலாசம், கைப்பேசி எண் எல்லாம் அதில் இருக்கும். "நாலு பேர் கண்ல பட்டாத்தான நல்ல எடம் அமையும்?" என்பார். அதே நினைப்பில் ஒரு திருமணச் செயலியிலும் அத்தனையையும் ஏற்றினார். பெண்ணைப் பெற்ற வீட்டில் இதை யார் தப்பென்று சொல்வார்கள்?

பூந்தமல்லியில் இடம் அமைந்தது. பையன் அபிஷேக்கும் மதிவதனியும் பேசிப் பழகி, மனசுக்குப் பிடித்துப்போய், பூவும் வைத்தாயிற்று. அக்கா அன்றைக்கே செயலியில் 'நீக்கு' என்பதை அழுத்திவிட்டு நிம்மதியாக இருந்தார். நீங்கினால்தானே! மதிவதனியின் படம் 'வரன் தேவை' என்று அங்கேயே சிரித்துக்கொண்டிருந்தது. அபிஷேக்கின் அத்தை அதைப் பார்த்துத் தொலைத்தார். "இன்னும் வேற எடம் பாத்துகினு கீறாங்களா?" என்ற பேச்சு கிளம்பியது. பையனின் அம்மா சாமுண்டீஸ்வரி போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

அக்கா செயலிக்காரர்களைக் கூப்பிட்டுக் கெஞ்சினார். "மறைச்சு வைக்கலாம் மேடம், அழிக்க முடியாது," என்றது ஒரு தேன்குரல். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குரலை மாவு மெஷினில் போட்டு அரைத்திருப்பேன்.

"நீயும் வாடி, போன்ல காட்டிப் புரியவெக்கணும்," என்று என்னை இழுத்துக்கொண்டு அக்கா பூந்தமல்லிக்குப் புறப்பட்டார்.

சாமுண்டீஸ்வரி "வாங்க" என்றார், உட்காரச் சொல்லவில்லை. அக்கா அழாத குறையாக, "சம்பந்தி, சத்தியமா நாங்க வேற எடம் பாக்கல. அழிச்சாலும் அழிய மாட்டேங்குது. எம்பொண்ணு வாழ்க்கைங்க," என்றார்.

அந்நேரம் சாமுண்டீஸ்வரியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டே பேசும் பழக்கம் அவருக்கு. "உங்க பையன் அபிஷேக் ஜாதகத்தை ஆப்ல பாத்தோம்மா. எங்க பொண்ணுக்கு நல்லாப் பொருந்துது," என்றார் யாரோ ஒரு தகப்பன்.

சாமுண்டீஸ்வரிக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "பூ வெச்ச அன்னிக்கே நானும் அழிச்சுட்டனே!" என்றார். அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் சாமுண்டீஸ்வரியும் சிரித்தார். நாற்காலி வந்தது, காபி வந்தது. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

இணையத்தில் நம் தகவலைப் பாதுகாக்கும் விதிகளின் வரைவை அரசு வெளியிட்டு, மக்களிடம் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. நான் அதைச் சொன்னதுதான் தாமதம், "எழுதுடி," என்றார் அக்கா. "குடுத்தது நாங்க. வேணாம்னா அன்னிக்கே அழிக்கணும். மறைச்சு வெக்கிற வேலயே கூடாது."

"எதுக்குக் குடுத்தமோ அதுக்கு மட்டுந்தான் வெச்சுக்கணும். அதையும் போடும்மா," என்றார் சாமுண்டீஸ்வரி.

சொன்னதைச் சொன்னபடியே அடித்தேன். அனுப்பப் போனபோது அரசின் அந்த இணையப் பக்கமும் கைப்பேசி எண் கேட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னாங்க சம்பந்தி, இதுக்கும் குடுக்கணுமா?" என்றார் சாமுண்டீஸ்வரி.

"கண்டவனுக்கெல்லாம் குடுத்தோம். நம்ம புள்ளைங்களுக்காகக் குடுக்க மாட்டமா?" என்ற அக்கா, என் கையிலிருந்து போனை வாங்கித் தன் எண்ணைத் தானே அழுத்தினார்.